சிறு கிண்ணத்துக்கு எந்த நீலம்? சுவாந்தேயும் செங்ஹுவாவும்

சீனாவின் மிங் வம்ச அரச சூளைகளின் நீல-வெள்ளைப் பீங்கானில் ஓயாமல் ஒப்பிடப்படுபவை இரண்டு காலங்கள்: சுவாந்தே (1426–1435), செங்ஹுவா (1465–1487). இரண்டும் சீனாவின் பீங்கான் நகரான ஜிங்தேஜெனின் வேலை. சுடாமல் உலர்த்திய மண்ணில் நீலம் தரும் கோபால்ட் தாதுவால் வரைந்து, மேலே மெருகு (சூட்டில் கண்ணாடிபோல் உருகும் பூச்சு) பூசி, சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் ஒரே சூட்டில் எடுக்கும் முறையும் ஒன்றுதான். மாறுவது கோபால்ட்.

சுவாந்தேயின் புகழ்பெற்ற அடர்நீலம் மேற்கிலிருந்து வந்த சுமாலி நீலம். அதில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. தூரிகை நின்ற இடத்தில் தடிப்பாகப் படிந்த இரும்பை மெருகால் முழுதும் கரைக்க முடியாது. ஆறும்போது அது கரும்புள்ளியாகப் படிகமாகிறது. கோட்டோரமும் கசியும். பெரிய குடுவையில் இது அத்தனை அழகு! எட்டு சென்டிமீட்டர் கிண்ணத்திலோ அரை மில்லிமீட்டர் கசிந்தாலே இதழும் தண்டும் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, நிரப்பும் வேலையும் சிறு தூரிகையால் நடந்தது. வீச்சின் மேல் வீச்சு விழுந்த தடம் அப்படியே தெரியும்.

செங்ஹுவாவில் உள்நாட்டுப் பிங்தெங் நீலம். இரும்பு குறைவு, அதனால் கசிவும் கரும்புள்ளியும் குறைவு. மாங்கனீசு கூடுதல் என்பதால் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் நிறம் சாம்பலடிக்கும். மெல்லிய கோட்டால் உருவம் வரைந்து, நீர்த்த நீலத்தைப் பெரிய தூரிகையால் உள்ளே சீராகப் பரப்பினார்கள். உலர்ந்த மண் நீரை உடனே உறிஞ்சிவிடும். கை ஒரு கணம் தயங்கினால் திட்டு விழும். 2014இல் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோன, கோழிகள் வரைந்த செங்ஹுவாக் ‘கோழிக் கிண்ண’த்தில் வண்ணங்களுக்கு அடியில் ஓடுவதும் இந்த வெளிர்நீலக் கோடுதான்.

சிறு பாத்திரத்துக்குச் செங்ஹுவாவே மேல் என்பது எங்கள் தீர்ப்பு. மெல்லிய உடலுக்கும் மென்மையான மெருகுக்கும் அந்த நீலம் அளவாகப் பொருந்துகிறது. சுவாந்தேயின் மெருகில் ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்குழிகள் உண்டு. நுண்கோட்டுக்கு அவையும் இடைஞ்சல்.

இரண்டையும் கலந்தால்? 16ஆம் நூற்றாண்டில் வேறொரு இறக்குமதி நீலத்தோடு அதைச் செய்தார்கள்: பத்துப் பங்குக்கு ஒரு பங்கு உள்நாட்டுக் கோபால்ட். இறக்குமதி மட்டும் என்றால் நிறம் சிதறும். உள்நாட்டுப் பங்கு கூடினால் மங்கும்.

வாங்குவோர் கவனிக்க: பின்வந்த சிங் வம்சத்தின் யோங்ஜெங் காலத்தில் (1723–1735) சுவாந்தேயை நகலெடுத்தவர்கள் கரும்புள்ளிகளைத் தூரிகையால் குத்தி வைத்தார்கள். அசலில் புள்ளி மெருகுக்குள் அமிழ்ந்திருக்கும், சாய்த்துப் பார்த்தால் உலோக மினுக்கம் தெரியும். நகலில் புள்ளிகள் கோட்டின் மேல் ஏறக்குறைய சம இடைவெளியில் வரிசைகட்டி நிற்கும்.