ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடிவி: பல வருடம் ஓட்டிய அனுபவம்

மிலானுக்கு வெளியே இருந்த அரேஸே ஆலையில் உருவான ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடி வெலோச்சே, சுருக்கமாக ஜிடிவி என்ற இத்தாலியக் கார், பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. இந்த மாடல் வந்தது 1971-இல். ஆனால் இதன் உருவம் 1963-இல் இதன் முன்னோடியான ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி வந்தபோதே முடிவாகிவிட்டது. பெர்த்தோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபடி அதை வரைந்த ஜோர்ஜெத்தோ ஜுஜாரோவுக்கு அப்போது வயது 25.

வெளியே நின்று பார்த்தால் அழகு மட்டும்தான் தெரியும். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால்தான் அந்த அழகுக்குக் காரணம் புரியும். கூரைத் தூண்கள் மெலிந்தவை, கண்ணாடிகள் பெரியவை. இத்தாலிய ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாயில் ட்ரஃபோய் கிராமத்துப் பக்கமாக ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில்கூட சாலையின் உள்விளிம்பு கண்ணுக்குத் தப்பாது. இன்றைய கார்களின் தடித்த தூண்களுக்குப் பழகியவர்களுக்கு இது பெரிய விடுதலை. எனக்கு இந்தக் காரில் முதலில் பிடித்ததும் இன்றுவரை பிடிப்பதும் இதுதான்.

எஞ்சின் 1962 சிசி, முழுக்க அலுமினியம், வால்வுகளைத் திறந்து மூட, செயினில் சுழலும் இரட்டை கேம்ஷாஃப்ட். சுமார் 130 குதிரைத்திறன்தான், ஆனால் இழுக்க வேண்டிய எடையோ ஆயிரம் கிலோவுக்குச் சற்றே மேல். நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டியதும் குரல் கனத்து, காலுக்கு உடனுக்குடன் பதில் சொல்லும். கணவாயின் உச்சி 2757 மீட்டர். அங்கே காற்று மெலிவதால் கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் கொஞ்சம் சோரும். இறங்கத் தொடங்கினால் தானே தெளிந்துவிடும்.

ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்துக்கு இரண்டுமே தாராளம். வளைவில் உடல் நன்றாகவே சாயும், வேகமாகத் திருப்பினால் உள்பக்க முன்சக்கரம் தரையை விட்டு எழும். முதலில் பயமாக இருக்கும், ஆனால் பின்பக்கம் பிடியை விடாது. பார்க்கிங்கில் ஸ்டியரிங் கனம். பவர் ஸ்டியரிங் கிடையாது.

பராமரிப்பில் பொறுமை வேண்டும். குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியரை அவசரமாகப் போடக்கூடாது. அதன் சின்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் வளையம், சீக்கிரம் தேயும். எண்ணெய் சூடாகும்வரை மெதுவாகவே ஓட்டுகிறேன். எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டில் எண்ணெய்ப் பாதைகளைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையங்கள் வயதானால் கசியும், எண்ணெய் ரேடியேட்டர் நீரில் கலக்கும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிடுவேன். உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை, இத்தாலி, ஜெர்மனி, நெதர்லாந்தில் இதற்கென்றே கடைகள் உண்டு.

வாங்க நினைப்பவர்கள் எஞ்சின் சத்தத்தில் மயங்க வேண்டாம், எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். காரை லிஃப்டில் ஏற்றி, கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடு, தரை, ஸ்டெப்னி வைக்கும் குழி மூன்றையும் துருவுக்காகத் தட்டிப் பாருங்கள். புது பெயின்ட் அடித்திருந்தால், அடியில் இருப்பது இரும்பா பூச்சா என்று பார்க்கக் காந்தமும் கொண்டு போங்கள். இதற்கு முன்பு 1779 சிசி எஞ்சினோடு வந்த 1750 ஜிடிவி துருவில்லாமல் கிடைத்தால், 2000-க்காகக் காத்திருக்காமல் அதையே வாங்கலாம்.