மணிக்கட்டு வலி: பட்டை, மவுஸ், தைலம், பயிற்சி – எது எவ்வளவு உதவுகிறது?

குமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்த எங்கள் ஊரில் மணிக்கட்டு வலி என்றால் அது ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் வலி என்றே இதுவரை அறியப்பட்டிருந்தது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறத்தாழ 300 மரங்களுக்குக் கத்தி போட்டுவரும் என் அப்பாவின் கைக்கு அது வந்தபோது வீட்டில் எவரும் வியக்கவில்லை. பகல் முழுவதும் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்த்து, இரவு பத்து மணிக்குமேல் வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற சுடும் விளையாட்டுகளில் நான்கைந்து மணி நேரம் செலவிடும் என் கைக்கும் அதே வலி வந்தபோதுதான் ஆளுக்கொரு தீர்வு சொல்லத் தொடங்கினார்கள். நண்பர்கள் செங்குத்து மவுஸ் வாங்கச் சொன்னார்கள்; மருந்துக் கடையில் பட்டையும் களிம்பும் எடுத்துக் கொடுத்தார்கள்; அம்மா வர்ம மருத்துவம் பார்க்கும் ஆசானிடம் கையைக் காட்டச் சொன்னார். ஏறத்தாழ ஓராண்டில் இவை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்திப் பார்த்து, பிசியோதெரபி நிபுணரிடமும் கேட்டறிந்து, தேதியிட்டுக் குறித்து வைத்தவற்றைக் கொண்டு இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எந்தத் தீர்வைத் தொடங்கினாலும் முதல் வாரத்தில் வலி குறைந்திருக்கிறது. அதே வாரத்தில் நான் விளையாடிய நேரமும் குறைந்திருக்கிறது. பட்டை கட்டியிருந்தபோது கை ஓடவில்லை, ஆகவே சீக்கிரம் எழுந்துவிட்டேன். புதிய மவுஸ் பழகாததால் தோற்றுக்கொண்டே இருந்தேன், ஆகவே சீக்கிரம் எழுந்துவிட்டேன். வலி குறைந்ததற்குப் பொருள் காரணமா, நேரம் குறைந்தது காரணமா என்று பிரித்துப் பார்க்காமல் எந்த ஒப்பீடும் நேர்மையானதாக இருக்காது என்பதால், ஒவ்வொரு தீர்வையும் பழைய நேரத்துக்கே திரும்பிய பின் அது எவ்வளவு தாங்கியது என்பதைக் கொண்டே எடைபோட்டிருக்கிறேன்.

அதற்குமுன் எந்த வலி என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஒரு வலிக்கு உதவுவது இன்னொன்றுக்கு வீண் செலவாகிவிடும். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் எலும்புகளாலும் குறுக்கே ஓடும் ஒரு தசைநாராலும் ஆன குறுகலான குகை ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைப்பவை) ‘மீடியன்’ என்னும் நரம்பும் அதன் வழியே செல்கின்றன. அங்கே அழுத்தம் மிகும்போது பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகும். நள்ளிரவில் விழித்துக் கையை உதற நேரும். இதுவே பலரும் பெயரளவில் அறிந்திருக்கும் கார்ப்பல் டனல் நோய். சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பைச் சேர்ந்தது; பெரும்பாலும் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதோ நெடுநேரம் மடக்கி வைப்பதோ காரணமாக இருக்கும். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலித்தால் அது ‘டி குவெர்வெய்ன்’ எனப்படும் தசைநாண் உறையின் தொல்லை. 1895-இல் இதை விளக்கிய சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. கைப்பேசியில் இரு பெருவிரல்களாலும் விளையாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மரத்துப்போதல் ஏதுமின்றி, முன்கையிலும் மணிக்கட்டின் மேற்புறத்திலும் உழைத்த களைப்புப்போல் வலித்து, ஆட்டம் நீள நீள மிகுந்து, ஓய்வில் தணிவது தசைநாண் வலி. கணினியில் விளையாடுவோர் பலருக்கும் வருவது இதுதான். எனக்கு வந்ததும் இதுதான். ஆயினும் கார்ப்பல் டனல் என்று எண்ணிக்கொண்டு நான் மூன்று மாதங்களை இழந்தேன்.

முதலில் பட்டை. மருந்துக் கடைகளில் இரண்டு வகை கிடைக்கிறது: துணியாலான மெல்லிய சுற்றுப்பட்டை ஒன்று, உள்ளங்கைப் பக்கத்தில் உலோகத் தகடு வைத்த ஸ்பிளிண்ட் மற்றொன்று. துணிப்பட்டை சூட்டையும் ஒரு பிடிமானத்தையும் தருகிறதே தவிர, மணிக்கட்டை எந்த நிலையிலும் நிறுத்துவதில்லை. தகடு வைத்ததோ, இரவில் அணிந்தால், மரத்துப்போகும் கைக்கு நல்ல துணை. தூக்கத்தில் கை மடங்கிக் கிடப்பதைத் தடுத்து நேராக வைக்கிறது, அந்த நேர்நிலையில்தான் குகையினுள் அழுத்தம் மிகக் குறைவு. ஆனால் கடையில் கிடைக்கும் பலவற்றில் தகடு மேல்நோக்கி வளைந்தே வருகிறது. அதை உருவி எடுத்துக் கையால் நிமிர்த்திவிட்டு மீண்டும் செருக வேண்டும் என்பதை எனக்கு விற்றவர் சொல்லவில்லை. ஆறு வாரம் அணிய வேண்டிய பொருளுக்கு இது சிறிய செய்தி அன்று. பகலில், அதிலும் விளையாடும்போது, அதைக் கட்டிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணிக்கட்டைப் பூட்டினால் அந்த வேலை விரல்களுக்கும் முழங்கைக்கும் போகிறது. இரண்டாம் வாரத்தில் எனக்கு முழங்கையின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கியதற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன். தசைநாண் வலிக்குப் பட்டை சில நாள்களுக்கான ஆறுதல் மட்டுமே.

செங்குத்து மவுஸையும் என் பழைய மவுஸையும் ஒப்பிடும்போது மனம் இருபக்கமும் சாய்கிறது. கை குலுக்குவதுபோல் பிடிக்கும் அமைப்பால் முன்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறது. மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்வதும் குறைகிறது. பகல் வேலைக்கு அதை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது நரம்புக் குகையினுள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதாக, கார்ப்பல் டனல் நோயாளிகளிடம் எடுக்கப்பட்ட அளவீடுகள் காட்டவில்லை. சுடும் விளையாட்டில் குறிவைக்கவும் அது பொருந்துவதில்லை. உருண்டையைப் பெருவிரலால் உருட்டும் டிராக்பால் மவுஸை, பெருவிரலடியில் வலியுள்ளவர்கள் தொடவே வேண்டாம். மவுஸுக்கு முன்னால் வைக்கும் ஜெல் திண்டு இன்னும் ஏமாற்றம் தருவது. அதில் மணிக்கட்டை அழுத்தி ஊன்றியபடியே மவுஸை நகர்த்தினால், காக்க வேண்டிய இடத்தையே அழுத்துகிறோம். ஆட்டத்துக்கு இடையில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வைத்து இளைப்பாறலாம், அவ்வளவே.

இவற்றுக்குச் செலவிட்ட பணத்தில் பாதிகூட ஆகாத ஒரு மாற்றம் இவற்றைவிட அதிகம் உதவியது. என் மவுஸின் வேகம் மிக உயர்வாக வைக்கப்பட்டிருந்ததால், திரையில் ஒரு முழுச் சுற்று திரும்ப மேசைமேல் 15 சென்டிமீட்டர் நகர்த்தினாலே போதும். அவ்வளவும் மணிக்கட்டிலிருந்தே நடந்தது. விளையாட்டின் அமைப்பில் அந்த வேகத்தைக் குறைத்து, ஒரு முழுச் சுற்றுக்கு 40 சென்டிமீட்டர் என்று ஆக்கி, அகலமான துணி மவுஸ்பேடு ஒன்றை விரித்ததும், பெரிய அசைவுகளை முழங்கையும் தோளும் ஏற்றுக்கொண்டன. மணிக்கட்டுக்கு நுண்ணிய திருத்தங்கள் மட்டும் மிஞ்சின. முதல் இரண்டு வாரம் தோள் களைத்தது, குறி தவறியது, ஆட்ட நேரமும் குறைந்தது. ஆனால் நேரம் பழையபடி கூடிய பிறகும் இந்தப் பலன் நிலைத்தது என்பதால் இதை மவுஸுக்கு மேலாக வைக்கிறேன். இடக்கைக்கும் இதுபோல் ஒன்று உண்டு: கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிட வேண்டும். அவை கீபோர்டை உயர்த்துவதால் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்தே நிற்கிறது. எங்கள் வீட்டைப்போல் பழைய தேக்கு மேசை உயரமாக இருந்தால், நாற்காலியில் தலையணை போட்டு முழங்கை மேசை மட்டத்துக்கு வருமாறு உயர்த்திக்கொண்டு, காலுக்கு ஒரு பலகை வைத்தால் போதும்.

களிம்பு, மாத்திரை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டைக்ளோஃபெனாக் களிம்பு தோலுக்கு அருகிலுள்ள தசைநாண் வலியைச் சில மணி நேரம் தணிக்கும். மரத்துப்போகும் விரலுக்கு அதனால் பயனில்லை. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு விளையாட அமர்வதுதான் நான் செய்தவற்றில் மிக மோசமான செயல், ஏனெனில் நிறுத்தச் சொல்லும் குறிப்பு வராமலே இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடிவிட்டது. வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது.

வர்ம மருத்துவத்தை இம்மாவட்டத்தில் வாழ்கிறவர் எவரும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது, நானும் ஒதுக்கவில்லை. உடலில் 12 படுவர்மமும் 96 தொடுவர்மமுமாக 108 புள்ளிகளைக் குறிக்கும் அம்மரபில் மணிக்கட்டுக்கென்றே மணிபந்த வர்மம் உண்டு. எங்கள் ஊர் ஆசான் காயத்திருமேனி தைலத்தைச் சூடாக்கி, முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீள நீளமாகத் தடவினார். மணிக்கட்டை அழுத்திப் பிசையவே இல்லை. முடித்துவிட்டு அவர் சொன்னது: “மக்களே, ஏழு நாளைக்கு அந்தப் பெட்டியத் தொடாத; தொட்டேன்னா தடவுனது வீணாப் போவும்.” ஏழு நாளும் வலி இருந்த இடம் தெரியவில்லை. எட்டாம் நாள் இரவு ஐந்து மணி நேரம் விளையாடினேன். ஒன்பதாம் நாள் காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை. இதை ஆசானின் தோல்வியாக எழுதுவது அநியாயம். ஓய்வு அவருடைய மருந்தின் ஒரு பகுதியாகவே இருந்தது, மருந்துக் கடைக்காரர்களைப்போல் அதை அவர் சொல்லாமல் விடவில்லை. முன்கைத் தசை இறுகிக் கிடக்கும்போது இளஞ்சூட்டு எண்ணெயும் தவிட்டு ஒற்றடமும் தரும் இதம் உண்மையானது. அன்றிரவு நல்ல தூக்கம் வருகிறது. ஆனால் தடவுதல் தசைநாணுக்கு வலுவைச் சேர்ப்பதில்லை. விரல் மரத்திருக்கும் கையை அழுத்தித் திருமுவோரிடம் கொடுப்பது தீங்காகவும் முடியலாம். ஆசான் எவரென்று அறியாதவர்கள் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம்.

உண்மையான போட்டி முழு ஓய்வுக்கும் படிப்படியான பயிற்சிக்கும் இடையில்தான் இருக்கிறது. இதை எனக்கு விளங்க வைத்தது அப்பாவின் கைதான். அவருக்கு வலி வருவது வெட்டு மும்முரமாக நடக்கும் மாதங்களில் அன்று. மழையால் வாரக்கணக்கில் வெட்டு நின்று, வானம் வெளுத்ததும் முதல் நாளே எல்லா மரத்துக்கும் கத்தி போடும்போதுதான் வருகிறது. தசைநாண் தன்மேல் ஏறும் சுமைக்கு ஏற்பவே தன்னை வைத்துக்கொள்கிறது. சுமையே இல்லாவிட்டால் அது நொய்ந்துபோகிறது. நொய்ந்ததன்மேல் பழைய சுமையை ஒரே நாளில் ஏற்றினால் வலிக்கிறது. இரண்டு வாரம் கணினியைத் தொடாமல் இருந்துவிட்டு வார இறுதியில் பத்து மணி நேரம் விளையாடுகிறவர்களுக்கு நேர்வதும் இதுவே. ஆகவே முழு ஓய்வு கடும் வலியின் முதல் சில நாள்களுக்கு மட்டுமே பொருந்தும்.

பயிற்சி மிக எளியது. முன்கையை மேசையில் கிடத்தி, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்க, புறங்கை மேலே இருக்குமாறு அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, நான்கு எண்ணும்வரை இறக்க வேண்டும். 15 முறை வீதம் மூன்று தடவை. பிறகு உள்ளங்கையை மேலே திருப்பி அதையே செய்ய வேண்டும். சுத்தியலின் காம்பு நுனியைப் பிடித்து இருபக்கமும் மெல்லச் சாய்ப்பது மூன்றாவது. பத்துக்கு மூன்று அளவு வலி பொறுக்கத்தக்கது. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். நான் இவற்றை ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தேன். ரப்பர் மரத்துக்கும் ஒரு நாள் வெட்டினால் மறுநாள் இடைவெளி விடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்த இடைவெளியில்தான் பால் ஊறுகிறது. நான்காம் வாரம்வரை ஒரு மாற்றமும் தெரியாததால் விட்டுவிட இருந்தேன். ஏழாம் வாரத்தில் ஒரு லிட்டர் புட்டிக்கு மாறினேன். பத்தாம் வாரத்தில் மூன்று மணி நேரம் விளையாடிய மறுநாளும் கை கையாகவே இருந்தது. தசைநாண் திருந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆவது இயல்பு என்று முன்னரே எவரேனும் சொல்லியிருந்தால் மற்றவற்றுக்கெல்லாம் செலவிட்டிருக்க மாட்டேன்.

நேரத்தையும் பகுத்துக்கொள்ள முடியும். வேலரண்டில் 13 சுற்றுகளை வெல்லும்வரை நீளும் ஓர் ஆட்டம் பெரும்பாலும் 30 முதல் 40 நிமிடங்கள் பிடிக்கும். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது ஒன்று. மற்றொன்றை விளையாடுகிறவர்களே அறிவார்கள்: நம் பாத்திரம் சுடப்பட்டுச் சாய்ந்துவிட்டால் அந்தச் சுற்று முடியும்வரை நமக்கு வேலையில்லை, ஆயினும் கை மவுஸை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும். அந்த நேரமெல்லாம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

என் கையைப் போன்ற தசைநாண் வலிக்குப் பயிற்சியை முதலிலும், மவுஸ் வேகத்தையும் மேசை உயரத்தையும் திருத்துவதை இரண்டாவதாகவும், எண்ணெயையும் ஒற்றடத்தையும் மூன்றாவதாகவும், பட்டையைக் கடைசியாகவும் வைக்கிறேன். விரல் மரத்து இரவில் விழிப்பவருக்கு இந்த வரிசை தலைகீழாகும். தகடு நிமிர்த்திய ஸ்பிளிண்டை இரவில் அணிவதே அவருக்கு முதல் வேலை. ஆறு வாரத்தில் அது தணியாவிட்டாலும், புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் பிடி தளர்ந்தாலும், பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு மற்றக் கையைவிடச் சூம்பியிருந்தாலும், வீட்டு வைத்தியத்தை அன்றே நிறுத்திவிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவிலோ, தகுதியுள்ள வேறு மருத்துவரிடமோ காட்ட வேண்டும். நரம்பில் மின்னோட்டம் செல்லும் வேகத்தை அளக்கும் பரிசோதனையும், நீரிழிவும் தைராய்டு குறைபாடும் இந்நோயை வளர்ப்பவை என்பதால் அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். சூம்பிய சதை, காலம் கடந்து செய்யும் அறுவையால் முழுமையாகத் திரும்புவது அரிது.