ஜெய்ப்பூர் காலா, சாக் பாதமா?

முழங்காலுக்குக் கீழே காலை இழந்த விவசாயக் கூலிக்கு எந்தச் செயற்கைக் கால் சரி? சாக் (SACH) பாதம் என்பது கணுக்கால் மடங்காத செயற்கைப் பாதம்; அதற்குள் மரக்கட்டை இருக்கும். மேலே ஷூ போட்டாக வேண்டும். ஷூவோடு எப்படி நாற்று நடுவது? குத்தவைத்து உட்காருவதும் பெரும்பாடு.

ஜெய்ப்பூரில் 1968-இல் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர் பாதமான ஜெய்ப்பூர் கால் அப்படியில்லை. தோல் நிறம், தனித்தனியாகத் தெரியும் விரல்கள். வெறும் பாதத்தோடு சேற்றில் இறங்கலாம், சம்மணம் போட்டுச் சாப்பிடலாம். 1975-இல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு நிறுவனம் இதை இலவசமாகவே பொருத்துகிறது. ஏழைக்கு அதுதானே முதல் கேள்வி!

சாக் பாதம் எடை குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் வயல்வேலை என்றால் நான் ஜெய்ப்பூர் காலைத்தான் சொல்வேன். கடையில் உட்கார்ந்து வேலை, ஷூவும் பழக்கம் என்றால் சாக் பாதமே போதும்.