1931 பாரிஸ் கண்காட்சி போஸ்டர் வாங்குகிறீர்களா? துணியில் ஒட்டி வரும் நகலிடம் ஜாக்கிரதை

1931 மே 6 அன்று பாரிஸின் வன்சென் காட்டில் தொடங்கிய சர்வதேசக் காலனியக் கண்காட்சிக்கு டெமர் வரைந்த போஸ்டர், 'ஒரே நாளில் உலகச் சுற்றுலா' என்று அழைப்பது. ஆன்லைனில் விளம்பரம் போட்டு, அதன் அசல் என்று போனில் சொல்லி விற்றார் ஒருவர். கைக்கு வந்தது ஆஃப்செட் நகல், அதாவது படமெடுத்து நுண்புள்ளிகளாக அடிக்கும் அச்சு. புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டுப் பெட்டியில் கிடைத்தது என்பது விற்றவர் சொன்ன கதை. அந்தக் கண்காட்சியில் புதுச்சேரி அடங்கிய பிரெஞ்சிந்தியாவுக்கும் அரங்கு இருந்ததால் கதை எளிதில் எடுபடுகிறது. கதைக்குத் துணையாக ஒரு ரசீதுகூட வரவில்லை.

சூட்சுமம் துணியில் இருக்கிறது. பழைய போஸ்டரை ஜப்பான் தாளும் மாவுப் பசையும் வைத்துத் துணியில் ஒட்டிக் காப்பது முறையான வேலைதான். நகலை அப்படி ஒட்டினால் தாளின் பின்பக்கம் மறைந்துவிடும். பார்ப்பவருக்கோ 'பக்குவமாகப் பாதுகாத்திருக்கிறார்கள்' என்ற மதிப்பு வந்துவிடும்.

10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். முதலில் கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் (ரோபர் லாங், பாரிஸ்) இருக்கும் வரியைப் பாருங்கள். லித்தோகிராஃப் என்னும் பழைய கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்தையும் தனிக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ ஏற்றி அடிப்பார்கள். எழுத்தில் மை இடைவெளியின்றி நிரம்பி, விளிம்பு உடையாமல் இருக்கும். வந்த பிரதியில் அந்த எழுத்துகளே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தன. அசலைப் படமெடுத்து அச்சடித்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மடிப்புக்கோடுகளும் அப்படியே. நிஜ மடிப்பில் மை உதிர்ந்து தாளின் நார் தெரியும், விரலுக்குத் தட்டுப்படும். இதில் மடிப்பும் அச்சு. விரல் வழுக்கிக்கொண்டு போனது.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை இருட்டில் காட்டினால் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. தாளுக்கு வெண்மையூட்டும் ரசாயனம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆனால் ஒளிராவிட்டால் அசல் என்று முடிவுகட்ட வேண்டாம், அந்த ரசாயனம் இல்லாத தாள் இன்றும் கிடைக்கிறது. ஓரத்தில் தெரியும் துணி மட்டும் ஒளிர்ந்தாலும் கணக்கில்லை, அது பிறகு ஒட்டியது.

வந்த பிரதியின் அளவு 59.4 x 84.1 செ.மீ., அதாவது இன்றைய ஏ1 தாள் அளவு. அந்தக் காலத்துப் பிரெஞ்சு போஸ்டர்கள் 62 x 100 போன்ற அளவுகளில் வந்தவை.

விற்றவரைக் கேட்டபோது, விளம்பரத்தில் 'விண்டேஜ் போஸ்டர்' என்றுதானே போட்டிருக்கிறோம் என்று பதில். 'அசல்' என்றது போனில் மட்டும். ஆகவே பணம் கட்டுமுன், '1931இல் அச்சான முதல் பதிப்பு, லித்தோகிராஃப்' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அச்சக வரியின் குளோசப் படமும் துணியில் ஒட்டுவதற்கு முன் எடுத்த பின்பக்கப் படமும் கேளுங்கள்.