கடல்நீர் ஆர்.ஓ.வுக்கு எந்த மாடல்: சமன்பாடா, நியூரல் நெட்வொர்க்கா?

சென்னையில் கெமிக்கல் இன்ஜினியரிங் படிப்பவர்கள் மாடலிங் ப்ராஜெக்டுக்குப் பொருள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2010இல் தொடங்கிய மீஞ்சூர் ஆலையும் 2013இல் வந்த நெம்மேலி ஆலையும் கடல்நீரிலிருந்து தினம் தலா 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கக் கட்டப்பட்டவை. இரண்டிலும் உயிர்நாடி, அழுத்தம் கொடுத்தால் நீரைக் கடக்கவிட்டு உப்பைப் பெரும்பாலும் தடுக்கும் ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்) மெம்பரேன்தான். அதை மாடல் செய்ய எந்த வழி நல்லது?

சமன்பாட்டு வழியில், மெம்பரேனைக் கடக்கும் நீர், நாம் கொடுக்கும் அழுத்தத்திலிருந்து சவ்வூடு பரவல் அழுத்தத்தை (உப்பு காரணமாக நீரைத் திரும்ப இழுக்கும் அழுத்தம்) கழித்தால் வருவதற்கு நேர்விகிதம். அந்த விகித எண் ஏ. உப்புக் கசிவு இருபுறச் செறிவு வித்தியாசத்தைப் பொறுத்தது, அதற்கு பி. இவற்றோடு மாஸ் பேலன்ஸ் (உள்ளே வரும் நீரும் உப்பும் வெளியே போவதோடு சமன் என்ற கணக்கு) சேர்ந்தால் எக்செல்லிலேயே மாடல் ஓடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 27 பார். அதில் 45 சதவீதத்தைக் குடிநீராகப் பிரித்தால் மிச்ச உவர்நீரில் உப்பு லிட்டருக்கு 64 கிராமை எட்டும், அதன் சவ்வூடு பரவல் அழுத்தமும் 50 பாரை நெருங்கும். இத்தகைய ஆலைகளுக்கு 55 முதல் 70 பார் வரை ஏன் தேவைப்படுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும்.

டேட்டாவிலிருந்து தானே தொடர்புகளைக் கற்கும் நியூரல் நெட்வொர்க்குக்கு இந்த அறிவெல்லாம் வேண்டாம். டேட்டா கிடைத்தால் போதும். ஆபத்தும் அங்கேதான். மெம்பரேனில் அழுக்கு படியப் படிய உற்பத்தி குறையும். குறையவிடாமல் ஆபரேட்டர் அழுத்தத்தை ஏற்றுவார். டேட்டாவில் என்ன தெரியும்? அழுத்தம் ஏறுகிறது, நீரின் அளவு அப்படியே நிற்கிறது. நெட்வொர்க் இதைப் பார்த்து, அழுத்தத்துக்கும் உற்பத்திக்கும் தொடர்பே இல்லை என்று படித்துக்கொள்ளலாம். பழைய டேட்டாவோடு ஒப்பிட்டால் பிழை மிகக் குறைவாகவே இருக்கும், கணிப்பு மட்டும் முழுத் தவறு. அதே டேட்டாவைச் சமன்பாட்டில் போட்டால், ஏ நாளுக்கு நாள் சரிவது பளிச்சென்று தெரியும். வெப்பநிலைக்கும் உப்புக்கும் சரிசெய்த உற்பத்தி 10–15 சதவீதம் விழுந்தால் மெம்பரேனைக் கழுவ வேண்டும் என்ற வழக்கம் இந்தக் கணக்கில் நிற்பதுதான். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் ஏ எவ்வளவு வேகமாகச் சரியும் என்று கேட்டால் சமன்பாடு திணறும். வடகிழக்குப் பருவமழையில் கழிமுகங்கள் கடலில் கொட்டும் சேறு, பாசி, முன்சுத்திகரிப்பின் அன்றைய நிலை ஆகிய மூன்றையும் அடக்கும் நம்பகமான சூத்திரம் கிடையாது. இங்கே டேட்டா மாடலுக்குத்தான் வெற்றி.

மெம்பரேன் கம்பெனிகள் இலவசமாகத் தரும் டிசைன் மென்பொருள் புது ஆலைக்கு அளவு போட உதவும். அழுக்குக்கான காரணியை நாமே ஊகித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் ஓடுகிற ஆலைக்கு அது போதாது.

என் தேர்வு கலப்பு மாடல். மாஸ் பேலன்ஸும் நீர், உப்புச் சமன்பாடுகளும் அப்படியே இருக்கட்டும்; ஏ சரியும் வேகத்தை மட்டும் சின்ன நெட்வொர்க் கற்கட்டும். சிகோகியோஸ், அங்கர் என்ற ஆய்வாளர்கள் 1992லேயே உயிர்வினைக்கலன் (நுண்ணுயிர்களை வளர்க்கும் பயோரியாக்டர்) ஒன்றுக்கு இப்படிச் செய்து காட்டினார்கள்: தெரிந்தது சமன்பாட்டுக்கு, தெரியாத நுண்ணுயிர் வளர்ச்சி வேகம் நெட்வொர்க்குக்கு. டேட்டாவும் குறைவாகவே தேவைப்படும்.

எதைத் தேர்ந்தாலும், சோதனைக்கான டேட்டாவை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து நாட்கள் ஒன்றுபோலவே இருப்பதால் எந்த மாடலும் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழுதாக ஒதுக்கிவைத்து, மற்ற மாதங்களில் பயிற்சி கொடுத்துச் சோதியுங்கள்.