பிஎம் ஸ்வநிதி கடன்: எங்க அத்தை பூக்கடைக்கு வாங்கின அனுபவம்

தெருவோரத்துல கடை போடறவங்க உங்க வீட்ல யாராவது இருந்தா இத முழுசா படிங்க. எங்க அத்தை சென்னையில ஒரு கோயில் வாசல்ல பூ கட்டி விக்கறாங்க. 2020 மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்ட மூடிட்டாங்க, கோயிலும் திறக்கல, முகூர்த்தம் எல்லாம் வீட்டுக்குள்ளயே நடந்துச்சு, கையில இருந்த முதல் மொத்தமும் அரிசி பருப்புக்கே கரைஞ்சிடுச்சு. எல்லாம் திறந்த பிறகு மறுபடி சரக்கு எடுக்க காசு இல்ல.

அப்போ இருந்த ஒரே வழி தண்டல்தான். 10,000 கேட்டா 8,500தான் கைக்கு வரும், தினம் 100 ரூபா வீதம் 100 நாள் கட்டணும், மழை பெஞ்சு வியாபாரமே இல்லன்னாலும் சாயங்காலம் ஆள் வந்து நிப்பாரு.

மத்திய அரசு 2020 ஜூன்ல கொண்டு வந்ததுதான் இந்த ஸ்வநிதி. அப்போ முதல் தடவை 10,000, ஒழுங்கா கட்டினா அடுத்து 20,000, அதையும் முடிச்சா 50,000னு இருந்துச்சு. ஜாமீன் வேண்டாம், நகை வைக்க வேண்டாம். தவணை தவறாம கட்டினா வருஷத்துக்கு 7 சதவீத வட்டிய அரசாங்கமே அக்கவுண்ட்ல போட்டுடும். அத்தைக்கு மாசத் தவணை 900 ரூபாக்குள்ளதான் வந்துச்சு. தண்டல்ல 100 நாளைக்கு 1,500 போற இடத்துல இதுல வருஷத்துக்கே எழுநூறு ரூபா வட்டி கூட வரல, அதுலயும் பாதிக்கு மேல மானியமா திரும்பி வந்துடுச்சு. இந்த ஒரு விஷயத்துக்கே நான் மனசார பாராட்டுவேன்.

கஷ்டம் எங்கன்னா பேங்க் கவுண்டர்ல. மாநகராட்சியில தெருவோர வியாபாரிங்க சர்வே எடுத்தப்போ அத்தை ஊர்ல இல்ல, அதனால வியாபாரி அடையாள அட்டை கிடையாது, பரிந்துரைக் கடிதம் வாங்கி அப்ளை பண்ணினோம். அது சீக்கிரமே வந்துடுச்சு. பேங்க்ல (பேர் வேண்டாம்) மேனேஜர் லீவு, சர்வர் இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னு இழுத்தடிச்சாங்க, ஒவ்வொரு தடவையும் காலை வியாபாரம் போச்சு. தினக்கூலி மாதிரி சம்பாதிக்கறவங்களுக்கு அரை நாள்னா என்னன்னு அந்த கவுண்டர்ல இருக்கவங்களுக்கு புரியணும். கடைசியில ஒரு அம்மா ஃபீல்ட் ஆஃபீசரா மாறி வந்தாங்க, கடைக்கே வந்து பாத்து கையெழுத்து போட்டாங்க, உடனே பணம் வந்துச்சு.

அப்போ வியாபாரப் பணத்த யூபிஐல வாங்கினா மாசம் 100 ரூபா வரைக்கும் கேஷ்பேக் இருந்துச்சு, ஆனா 25 ரூபாக்கு கீழ இருந்தா அது கணக்குல சேரல. ஒரு முழம் 20 ரூபான்னு வாங்கிட்டு ஸ்கேன் பண்றவங்கதான் எங்க கடையில பாதி பேர், அதனால பெருசா ஒண்ணும் தேறல. ஆனா அந்த ஸ்டேட்மென்ட்தான் ரெண்டாவது கடனுக்கு கை குடுத்துச்சு. அதுவரைக்கும் அத்தை பேர்ல ஒரு பேங்க்லயும் கடன் கணக்கே இருந்ததில்ல, இப்போ சிபில் ஸ்கோர் (கடன ஒழுங்கா கட்டறாங்களான்னு பேங்குக்கு காட்டற மார்க்) இருக்கு. நாடு மறுபடி எழுந்து நிக்கணும்னா இந்த மாதிரி ஆளுங்க கணக்குக்குள்ள வந்தாகணும், பெரிய கம்பெனிக்கு மட்டும் சலுகை குடுத்தா அது கோயில் வாசல் வரைக்கும் வந்து சேராது.

ஒரு பெரிய குறை சொல்லியே ஆகணும். கடன் குடுக்கறது ஒரு கை, வண்டிய தூக்கறது இன்னொரு கை. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஊர் விற்பனைக் குழுவுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிங்களே இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழு கூடி இடம் ஒதுக்கித் தராம கடன மட்டும் குடுத்தா, கடைய காலி பண்ணச் சொன்ன மாசம் தவணைய எங்கேர்ந்து கட்டுவாங்க?

5க்கு 3.5 குடுக்கறேன், குறைச்ச ஒன்றரையும் பேங்குக்கும் இந்த இடப் பிரச்சனைக்கும்தான். 2025 ஆகஸ்ட்ல திட்டத்த 2030 மார்ச் வரைக்கும் நீட்டிச்சு முதல் கடன 15,000, ரெண்டாவத 25,000னு ஏத்திட்டாங்க, அதனால இப்போ அப்ளை பண்றது இன்னும் நல்லது. முதல்ல ஆதார்ல மொபைல் நம்பர் லிங்க் ஆகிருக்கான்னு பாருங்க, முக்கால்வாசி அங்கதான் மாட்டுது. ஏஜென்ட்னு சொல்லிட்டு வர்றவங்களுக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க, பணம் வந்ததும் பாஸ்புக்ல என்ட்ரி போட்டு முழுத் தொகையும் ஏறிருக்கான்னு சரி பாத்துக்கோங்க.