ஜென்சிம் ‘ஃப்ரேசஸ்’: தமிழ்ப் பல்சொல் தொடர்களைப் பிடிக்க எவ்வளவு நம்பலாம்?

“உச்ச நீதிமன்றம்” இரண்டு சொல், ஆனால் ஒரே பெயர். “முடிவு எடுத்தார்” இரண்டு சொல், ஆனால் ஒரே வினை. தேடல், தலைப்புப் பகுப்பாய்வு, சொல் வெக்டர் என எதற்குத் தமிழ் உரையைத் தயார் செய்தாலும் இப்படிப்பட்ட தொடர்களை முன்கூட்டியே சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பைத்தானில் இதற்குப் பலரும் முதலில் எடுப்பது ஜென்சிம் நூலகத்தின் ஃப்ரேசஸ். இலவசம், எல்ஜிபிஎல் உரிமம். இந்த மதிப்புரை 4-ஆம் பதிப்பைப் பற்றியது. 3-ஆம் பதிப்புக்கு எழுதிய நிரல்கள் பல அப்படியே ஓடாது. தொடரின் நடுவே வரக்கூடிய இணைப்புச் சொற்களைக் குறிக்கும் ‘காமன் டெர்ம்ஸ்’ என்ற அளவுரு ‘கனெக்டர் வேர்ட்ஸ்’ ஆகிவிட்டது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெயர்த்தொடர்களுக்கு அருமையான கருவி. வினைத்தொடர்களுக்கு, உரையை வேர்ச்சொல்லாக்காமல் கொடுத்தால், கைகொடுக்காது. த்ரெஷோல்டை, அதாவது தேர்ச்சி மதிப்பெண்ணை, எவ்வளவு திருகினாலும் அது மாறாது.

கருவிக்கு இலக்கணம் எதுவும் தெரியாது. அடுத்தடுத்து வரும் இரண்டு சொற்களை எண்ணுகிறது, அவ்வளவுதான். இயல்பாக அது பயன்படுத்துவது 2013-இல் மிக்கோலோவ் குழு வெளியிட்டதை ஒட்டிய சூத்திரம்: ஜோடியின் எண்ணிக்கையிலிருந்து மின்-கவுன்ட்டை (ஏற்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை) கழித்து, சொல்தொகையின் (தொகுப்பில் உள்ள வெவ்வேறு சொற்களின்) அளவால் பெருக்கி, இரு சொற்களின் தனி எண்ணிக்கைகளின் பெருக்கலால் வகுக்க வேண்டும். விடை த்ரெஷோல்டின் இயல்பு மதிப்பான 10-ஐத் தாண்டினால் இரண்டும் நடுவில் அடிக்கோடு (_) இட்டு ஒன்றாகிவிடும். மின்-கவுன்ட்டின் இயல்பு மதிப்பு 5. இதில் கவனிக்க வேண்டியது, சொல்தொகையின் அளவு என்பதில் ஜோடிகளும் அடக்கம். உரை பெருகப் பெருக அந்த எண்ணும் பெருகும். அதனால் ஒரு தொகுப்புக்குப் பொருந்திய 10 இன்னொரு தொகுப்புக்குப் பொருந்தாது.

சூத்திரத்துக்குப் போகும் முன்பே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உரையைச் சொற்களாக வெட்ட ஜென்சிமோடு வரும் ‘சிம்பிள் ப்ரீபிராசஸ்’ தமிழுக்கு உதவவே உதவாது. பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸ் (உரையில் வடிவங்களைத் தேடும் விதி), உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. எனவே “தமிழ்” என்பது “தம”, “ழ” என இரண்டாக உடைகிறது. இரண்டு எழுத்துக்குக் குறைந்தவற்றை அந்தச் செயற்கூறு தூக்கி எறிவதால் மிஞ்சுவது “தம” மட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. வெளியீட்டில் அரைகுறைச் சொற்கள் கண்ணில் பட்டால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். யூனிகோடில் தமிழுக்கான இடம் பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. அந்த வரம்பை நேரடியாகக் கொடுத்து வெட்டுங்கள். அதற்கு முன் இரண்டு வேலை: உரையை, ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாகப் பதியும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுவது (இல்லையென்றால் “கொ” இரண்டு விதமாகப் பதிவாகி ஒரே சொல் இரண்டாக எண்ணப்படும்), கண்ணுக்குத் தெரியாத இணைப்பறு குறியான 8204-ஐ நீக்குவது.

இப்போது கணக்கு. 20 லட்சம் சொற்கள் கொண்ட ஒரு செய்தித் தொகுப்பு, ஜோடிகளோடு சேர்த்து சொல்தொகை 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். “உச்ச” 400, “நீதிமன்றம்” 300, சேர்ந்து 90 முறை: மதிப்பெண் 1062. “நேற்று” 6000, “காலை” 3000, சேர்ந்து 400: மதிப்பெண் 33. “முடிவு” 4000, “எடுத்தார்” 1500, சேர்ந்து 60: மதிப்பெண் 14. த்ரெஷோல்ட் 10 என்றால் மூன்றுமே உள்ளே வரும். வெறும் காலக்குறிப்பான “நேற்று காலை” வேண்டாம் என்று 35-க்கு ஏற்றினால், உண்மையான தொடரான “முடிவு எடுத்தார்” அதற்கு முன்பே வெளியேறிவிடும். ஜோடியின் நெருக்கத்தை -1 முதல் 1 வரை அளக்கும் என்பிஎம்ஐ மதிப்பெண் முறைக்கு மாற்றினாலும் வரிசை அதேதான்: 0.73, 0.45, 0.29.

கோளாறு சூத்திரத்தில் இல்லை, எண்ணப்படும் பொருளில் இருக்கிறது. “எடுத்தார்”, “எடுத்தனர்”, “எடுக்க”, “எடுத்துள்ளது” என்று ஒரே வினை பல உருவங்களாகச் சிதறுகிறது. “முடிவு” ஒருபுறம், “முடிவை” ஒருபுறம். எல்லாவற்றையும் வேருக்குக் கொண்டுவந்து எண்ணிப் பாருங்கள். “முடிவு” 6000, “எடு” 9000, சேர்ந்து 1800, சொல்தொகை 11 லட்சமாகச் சுருங்குகிறது என்றால் மதிப்பெண் 37. “நேற்று காலை” 24-க்கு இறங்குகிறது. என்பிஎம்ஐ-யில் 0.60-க்கு எதிராக 0.45. இப்போதுதான் 0.5 என்று ஒரு கோடு போட முடிகிறது.

வேராக்க, சொல்லின் ஈற்றை வெட்டும் கருவியான ஸ்னோபாலின் தமிழ்ப் பகுதி வேகமானது, ஆனால் அளவுக்கு மீறி வெட்டும். மொழியாய்வு நூலகமான ஸ்டான்சாவின் தமிழ் மாதிரி 600 வாக்கியங்களே உள்ள மரவங்கியில் (இலக்கணக் குறிப்பு இட்ட வாக்கியத் தொகுப்பு) பயின்றது. செய்தி நடைக்கு வெளியே தடுமாறும். விதிகளால் இயங்கும் தமிழிமார்ஃப் உருபன் பகுப்பாய்வி இந்த வேலைக்கு மற்ற இரண்டையும்விடப் பொருத்தமானது. ஒரு சொல்லுக்குப் பல விடை தரும் என்பதால் தேர்ந்தெடுக்கும் விதியை நாமே எழுத வேண்டும்.

அடுத்த சிக்கல் ஒற்று. “சட்டப் பேரவை”, “சட்ட பேரவை”, “சட்டப்பேரவை” மூன்றும் மூன்று பதிவு. முதல் சொல் க், ச், த், ப் என முடிந்து, அடுத்த சொல் அதே மெய்யின் வரிசையில் தொடங்கினால் ஒற்றை நீக்கிவிட்டு எண்ணலாம். தமிழ்ச் சொற்கள் தம்மளவில் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால் விதி பாதுகாப்பானது. “பேஸ்புக் கணக்கு” போன்ற இடங்களில் மட்டும் அடிவாங்கும். அவற்றுக்கு விலக்குப் பட்டியல் போதும். சேர்த்து எழுதிய வடிவத்தைக் கண்டுபிடிக்க, கிடைத்த ஒவ்வொரு ஜோடியையும் ஒட்டிப் பார்த்து அது தனிச்சொல்லாகத் தொகுப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். “முடிவெடு” போல ஈற்று உகரம் கெடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மக்கள் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறார்கள் என்றால் அது கெட்டிப்பட்ட தொடர் என்பதற்கு எந்த மதிப்பெண்ணையும்விட நல்ல சாட்சி.

மூன்று சொல் தொடருக்கு ஃப்ரேசஸை இரண்டாம் முறை ஓட்ட வேண்டும். கருவி இடமிருந்து வலமாக, கிடைத்ததை உடனே கட்டிக்கொண்டு போகும். “அரசு மருத்துவக் கல்லூரி”யில் “அரசு மருத்துவ” முதலில் தேறிவிட்டால் “மருத்துவக் கல்லூரி” அந்த இடத்தில் காணாமல் போகும். இரண்டாம் சுற்றில் மூன்றும் ஒட்டினால் தப்பித்தோம், இல்லையென்றால் தவறான துண்டு நிரந்தரமாகிவிடும். கனெக்டர் வேர்ட்ஸ் வசதி தமிழில் “மற்றும்”, “அல்லது”, “என்ற” போன்ற சிலவற்றுக்கே பயன்படும். நம் இணைப்புகள் பெரும்பாலும் விகுதிகளில் இருக்கின்றன.

“முடிவை நேற்றுதான் எடுத்தார்” என்று நடுவில் சொல் நுழைந்தால் ஃப்ரேசஸுக்குத் தெரியாது. அதற்கு இன்னொரு பைத்தான் நூலகமான என்எல்டிகே-யின் பைகிராம் கொலொகேஷன் ஃபைண்டர் மேல். ஜன்னல் அளவை (ஒரே நேரத்தில் பார்க்கும் சொற்களின் எண்ணிக்கை) 4 என்று வைத்தால் இடைவெளி விட்ட ஜோடியும் எண்ணப்படும்.

நினைவகம்: சொல்தொகையின் உச்சவரம்பு இயல்பாக 4 கோடி, அதற்குச் சுமார் 3.6 ஜிபி தேவை. வரம்பைத் தொட்டால் அரிதானவை தானாகக் கழிக்கப்படும். வேராக்காத தமிழ் வரம்பைச் சீக்கிரம் தொடும்.

20 லட்சம் சொல் அளவுக்கு மின்-கவுன்ட் 10, ஸ்கோரிங் என்பிஎம்ஐ, த்ரெஷோல்ட் 0.5 என்று தொடங்குங்கள். என்பிஎம்ஐ-க்கு மாற்றிவிட்டு த்ரெஷோல்டை 10 என்றே விட்டால் பிழை காட்டி நின்றுவிடும். மின்-கவுன்ட்டை 5-லேயே விட்டால், எப்போதும் சேர்ந்தே வரும் அபூர்வ ஆள்பெயர்கள் 1-ஐ ஒட்டிய மதிப்பெண்ணோடு பட்டியலின் உச்சியில் குவியும். கிடைத்த பட்டியலை ஏற்றுமதி செய்து, மேலிருந்து சில நூறு ஜோடிகளையாவது ஒரு மனிதர் பார்த்துக் கழிக்க வேண்டும். தேறியதை, பட்டியலில் உள்ள பல்சொல் தொடர்களைச் சேர்த்துக் கட்டும் என்எல்டிகே-யின் எம்டபிள்யூஇ டோக்கனைசரிடம் கொடுத்துக் கட்டுங்கள். அது பட்டியலில் உள்ள நீளமான தொடரையே முதலில் எடுப்பதால் “அரசு மருத்துவக் கல்லூரி” சிக்கல் இங்கே எழாது.

தேடுபொறிக்காக இதைச் செய்பவர்கள் அதே பட்டியலையும் அதே முன்தயாரிப்பையும் பயனர் தட்டும் கேள்வியின் மீதும் ஓட்ட வேண்டும். அட்டவணையில் “சட்ட_பேரவை” என்றும் கேள்வியில் “சட்டப் பேரவை” என்றும் இருந்தால் ஒரு விடைகூட வராது.